இன்னும் ஒரு பாட்டு

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவள் வேலைக்கு வர மாட்டாள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள், கையில் கட்டோடு வந்திருக்கிறாள், மகள் அம்மை போட்டுக் கிடந்தபோது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஒரு நாள் மட்டும் என்ன தலை போகிற வேலையானாலும் லீவு. புருஷன் இறந்த நாள், வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள், ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் நினைத்தது பாதிதான் சரி. மீதிப் பாதிக்குக் காரணம் சுவரில் மாட்டியிருந்த ரேடியோ.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடம் அது. கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீள அறை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டிகளில் விரிப்புகளும் தலையணை உறைகளும் சரிவுப் பாதை வழியே கடகடவென்று இறங்கி வரும். முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு அவற்றை உதறிப் பிரிக்கிற மேசைக்கு அவள்தான் பொறுப்பு. விரிப்புக்குள் கத்தரிக்கோல் வரும், ஊசி வரும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ சிரித்துக்கொண்டே வந்தது. பெரிய சலவை மெஷினுக்கு அங்கே 'மாமியார்' என்று பெயர். நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். வைத்தவள் இஸ்திரி உருளையில் வேலை பார்க்கும் வாயாடி. எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள். மாமியாரின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக ரேடியோவை எப்போதும் முழுச் சத்தத்தில் வைப்பதும் அவள்தான்.

காலை டீ நேரத்தில் அதில் ஒரு நிகழ்ச்சி வரும். 'ராக் இசையில் இதே நாள்.' இதே நாளில் இன்ன டிரம்ஸ்காரர் பிறந்தார், இதே நாளில் இன்ன குழு சண்டை போட்டுப் பிரிந்தது, இதே நாளில் ஒருத்தர் மேடையிலேயே கிட்டாரை உடைத்தார் என்று தொகுப்பாளன் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போடுவான். மற்ற நாட்களில் அவளுக்கு அது காதில் விழும், மனசில் விழாது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவன் என்ன சொல்வான், எந்தப் பாட்டைப் போடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷனைத் தொழிலில் எல்லாரும் கொக்கு என்பார்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. கச்சேரி மைதானங்களில் இரும்புக் குழாய்களை அடுக்கிக் கட்டிய கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய விளக்கோடு உட்கார்ந்திருப்பது அவன் வேலை. பாடுகிறவன் மேடையில் எந்தப் பக்கம் போனாலும் வெள்ளை வெளிச்சத்தை அவன் முகத்தைவிட்டு நகரவிடாமல் கொண்டுபோக வேண்டும். "நான் கைய எடுத்தா அவன் இருட்டுல நின்னு கத்த வேண்டியதுதான்" என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வான். காதில் மாட்டியிருக்கும் கருவியில் கீழிருந்து உத்தரவு வரும். உத்தரவு கொடுக்கிறவர் விளக்குக் குழுவின் தலைவர். கொக்கும் அவளும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்கு லைட்டு மாமா.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஊர் மைதானத்தில் ஒரு ராக் குழு பாடியது. பாதிக் கச்சேரியில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. நனைந்துகொண்டே நின்ற பாடகன் கூட்டத்தைப் பார்த்து, "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டான். "மாட்டோம்!" என்று மைதானமே கத்தியது. அவன் ஒரு மெதுவான பாட்டை எடுத்தான். தொண்டை கிழியும் உச்சிக்கு அவன் போய், டிரம்ஸ் உள்ளே நுழைகிற அந்த நொடியில் 'படார்' என்று ஒரு சத்தம். பாடகன் வானத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சத்தமும் சிரிப்பும் அப்படியே இசைத்தட்டில் பதிவாகிவிட்டன. வானமே வந்து டிரம்ஸ் வாசித்தது என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். தட்டின் அட்டையில் நனைந்த முகம், அதன் மேல் வெள்ளை வெளிச்சம்.

அன்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டி மைதானத்தின் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டது. மூன்று வயது மகள் மடியில். கண்ணாடி வழியே பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கச்சேரி இன்னும் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் லைட்டு மாமா சட்டையெல்லாம் சேறாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். "டிரம்ஸ் ஆரம்பிச்சுதும்மா, அப்பத்தான், அப்பத்தான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோபுரம் மைதானத்தின் ஓரத்தில், லாரிகள் நிறுத்தியிருந்த பக்கம் சாய்ந்ததால் கூட்டத்தில் ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. கச்சேரி முடிந்து கோபுரத்தைப் பிரிக்கும்போது விபத்து என்று நடத்திய நிறுவனம் எழுதிக் கொடுத்தது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. பேச அப்போது தெம்பு ஏது?

அதற்குப் பிறகு லைட்டு மாமாதான் எல்லாம். சலவைக்கூடத்து வேலையை ஆளைப் பிடித்து வாங்கிக் கொடுத்தவர் அவர். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரிசையில் நின்றவர் அவர். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் வந்து, கூடத்து நாற்காலியில் மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அதிகம் பேச மாட்டார். ரேடியோ இல்லாத வீட்டில் இரண்டு பேரும் அந்த நாளைக் கழித்துவிடுவார்கள்.

இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. ஊரெல்லாம் விஷக் காய்ச்சல். வார்டுகள் நிரம்பி வழிந்தன, சலவைக்கூடத்திலேயே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். "உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேம்மா, இந்த ஒரு வருஷம்" என்றார் மேலாளர். சரி, அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வண்டிப் பாதையில் போய் நின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

மூன்று வண்டிகள் ஒன்றாக வந்து இறங்கின. உறை மாட்டிய கையோடு விரிப்புகளுக்குள் மூழ்கியிருந்தபோது தொகுப்பாளன் குரல் வந்துவிட்டது.

"இன்னிக்கு ஸ்பெஷல்! மழைக் கச்சேரிக்கு இருபது வயசு! ராக் வரலாற்றுல இயற்கையே வந்து வாசிச்ச ஒரே பாட்டு. அந்த இடியை இப்பக் கேளுங்க. அப்ப மைதானத்துல இருந்தவங்க உடனே போன் பண்ணுங்க. டிக்கெட் பரிசு!"

சத்தம் கேட்டது. படார். பின்னாலேயே அந்தச் சிரிப்பு. இஸ்திரி உருளைப் பக்கம் ஒரு பெண் அதோடு சேர்ந்து தாளம் தட்டினாள். பிரிக்கிற மேசையில் இவள் நனைந்த விரிப்பு ஒன்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

டிக்கெட் என்றதும் வாயாடி போனை எடுத்துவிட்டாள். அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது. "நான் அப்ப மூணாங்கிளாஸ் சார்" என்று அவள் சொல்வது ரேடியோவிலேயே கேட்டது. "இங்க எங்ககூட வேலை பாக்கற அக்கா இருந்திருப்பாங்க. அவங்க செட்டுதானே அப்ப ஆட்டம் போட்டது? இந்தாங்கக்கா, பேசுங்க, சும்மா ஆமான்னு சொல்லுங்க."

கையுறையெல்லாம் அழுக்கு. போனை வாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. வாயாடியே அதை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வணக்கம்! இடி விழுந்தப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்ல. பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டிட்டு இருந்தேன்."

"அடடா! சரித்திரத்தைக் கோட்டை விட்டுட்டீங்களே!"

"அது இடி இல்ல தம்பி."

"அப்படியா?" அவன் குரலில் சிரிப்பு. "வேற என்னக்கா?"

"லைட்டுக் கோபுரம். காத்துல சாஞ்சு விழுந்துச்சு. என் வீட்டுக்காரர் அதுலதான் உக்காந்திருந்தார்."

அவளுக்கு ஆரம்பித்தது நிற்கவில்லை. "நீங்க வருஷா வருஷம் போடறீங்க. நான் வேணாம்னு சொல்லல, போடுங்க. இடின்னு மட்டும் சொல்லாதீங்க. அது ஒரு ஆள் சாகற சத்தம்."

ரேடியோவில் மெத்தை விளம்பரம் ஓட ஆரம்பித்தது. வாயாடி போனை இறக்கினாள். யாரோ போய் மாமியாரை நிறுத்தினார்கள். அது முனகி அடங்கும் வரை எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது மகள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். காலையில் கடைக்குப் போகிற பஸ்ஸில், டிரைவர் வைத்த ரேடியோவில், அம்மாவின் குரலைக் கேட்டிருக்கிறாள்.

"அப்பா மழையில வழுக்கி விழுந்தார்னு சொன்னே."

"மழையிலதானே விழுந்தார்."

"அந்தப் பாட்டுலன்னு சொல்லலையே." மகள் எழுந்தாள். "காலேஜ் விழால அந்தப் பாட்டுக்கு நான் ஆடியிருக்கேம்மா. அந்தச் சத்தம் வர்ற இடத்துல நாங்க எட்டுப் பேரும் ஒண்ணாக் குதிச்சோம். நீ முன்வரிசையில உக்காந்து கை தட்டினே."

"தட்டினேன்."

"எப்படிம்மா முடிஞ்சுது?"

"உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்கச் சொல்றியா?"

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவின் அந்தப் பக்கம் அந்தப் பாட்டு மெல்லக் கேட்டது. சத்தம் வரும் இடம் வரைக்கும் ஓடும், நிற்கும், மறுபடி அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஓடும். அப்பாவின் ஞாபகமே இல்லாத பெண். அப்பாவிடமிருந்து இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சத்தம் அதுதான்.

அடுத்து வந்த நாட்கள் மோசம். அவள் பேசியதை யாரோ வெட்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். நிறுவனத்துக்காரர்கள், விபத்து கச்சேரிக்குப் பிறகுதான் நடந்தது, ஆவணம் இருக்கிறது என்று அறிக்கை விட்டார்கள். செத்தவனை வைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அதைவிட மோசம், நம்பியவர்கள் செய்தது. அந்த நொடியை மட்டும் வெட்டி, மெதுவாக ஓட்டி, 'அலறல் கேட்கிறதா பாருங்கள்' என்று போட்டார்கள். எத்தனையோ வருஷமாக யாரும் வாங்காத இசைத்தட்டு மறுபடி விற்க ஆரம்பித்தது.

லைட்டு மாமா போன் செய்தார். "ஏம்மா இதையெல்லாம் கிளப்பறே? போனது போயிடுச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிற நேரம்." தன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். "வாய் தவறி வந்துடுச்சுண்ணே" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிகூடப் பேசினாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சலவைக்கூடத்து வாசலில் ஒரு கிழவர் காத்திருந்தார். காதில் மிஷின், கையில் குடை. "அந்தக் கச்சேரியை ஒலிப்பதிவு பண்ணினவன் நான்" என்றார். "நீங்க சொன்னது சரி."

வண்டிப் பாதை ஓரத்தில் நின்றபடியே விவரம் சொன்னார். அன்று மேடைச் சத்தத்தைப் பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்தார்களாம். குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, கூட்டத்தின் இரைச்சலுக்கு ஒன்று. மிச்சமிருந்த ஒரு தடத்தில், விளக்குக்காரர்கள் காதுக் கருவியில் பேசிக்கொள்வதையும் சேர்த்துவிட்டார். எந்தப் பாட்டு எங்கே தொடங்கியது என்று பிற்பாடு அடையாளம் பார்க்கத்தான். பாட்டுகளைக் கோத்தபோது அந்தத் தடத்தை யாரும் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க ரேடியோல பேசினதைக் கேட்டுட்டுத்தான் போய்த் தேடி எடுத்தேன். உங்க வீட்டுக்காரர் குரல் அதுல இருக்கும்மா." அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். "கேக்கணும்னு கட்டாயம் இல்ல. கேட்டுட்டா, கேக்காத மாதிரி இருக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்க நினைத்தாள். மகள் யோசிக்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் இருவரும் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் தடித்த துணி, மேசையில் பழைய டேப் மெஷின். கிழவர் இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். "நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க."

முதலில் தூரத்தில் கேட்கிற மாதிரி பாட்டு. அதன்மேல் கரகரப்பு, காற்று. பிறகு, கழுத்துக்குப் பின்னாலிருந்து பேசுகிற அளவு பக்கத்தில், அந்தக் குரல்.

"அண்ணே, காத்து ஆளத் தூக்குது. எறங்கட்டுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இருபது வருஷத்தில் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தாள். அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன வயசுக் குரல். மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும்.

இன்னொரு குரல், அதட்டல் இல்லாமல், வேலை மும்முரத்தில்: "இன்னும் ஒரு பாட்டுடா. வெளிச்சத்தை மூஞ்சியிலயே வை. அசைக்காத."

"சரிண்ணே."

பாட்டு ஏறிக்கொண்டே போனது. பாடகன் தொண்டையைத் திறந்தான்.

"அண்ணே, அடிக்குழாய் ஆடுது."

பதில் இல்லை.

"அண்ணே, கேக்குதா?"

பதில் இல்லை. பெருமூச்சு மாதிரி ஒன்று. பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "சரி, இருப்போம்." மகள் கையைத் தூக்கிவிட்டாள். கிழவர் உடனே நிறுத்தினார். டிரம்ஸ் வருவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அது யாரும்மா?" என்றாள் மகள். அவளுக்கே தெரிந்திருந்தது. அவளுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்த குரல் அது.

லைட்டு மாமா இப்போது வீட்டு முன்னறையில் மின்விசிறி, மிக்ஸி பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலியால் காலை நீட்டி ஸ்டூல் மேல் வைத்திருந்தார். தாயையும் மகளையும் ஒன்றாகப் பார்த்ததும், "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே" என்றாள் அவள். "டேப்பு கேட்டோம். நீங்களும் அவரும் பேசினது."

அவர் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"எறங்கட்டுமான்னு கேட்டிருக்கார்."

"ஆமாம்மா."

"இன்னும் ஒரு பாட்டுன்னு சொல்லியிருக்கீங்க."

"அந்த ஒரு பாட்டுதான். முடிஞ்சதும் எல்லாரையும் இறக்கிடலாம்னு இருந்தேன். காத்து அடங்கிடும்னு நினைச்சேன்."

"சரி, அது தப்புக் கணக்கு. யாருக்கும் வரும்." அவள் குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் ரெண்டு தடவ கூப்பிட்டாரே. ஏண்ணே பதில் சொல்லல?"

உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவரலாமா என்று எட்டிப் பார்த்துவிட்டு, முகங்களைக் கண்டு திரும்பிப் போனாள்.

"காதுல இருந்தத கழட்டிட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"பாட்டு..." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சும்மா. எத்தனையோ வருஷம் கச்சேரி மைதானத்துல கெடந்திருக்கேன், அப்படி ஒண்ணக் கேட்டதே இல்ல. மழையில அம்புட்டு ஜனமும் அசையாம நிக்குது. ஒரு காதுல இரைச்சலோட கேக்கப் பிடிக்கல. முழுசாக் கேக்கணும்னு கழட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டேன். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம்."

"மாமா!" என்றாள் மகள்.

அவரை அடிக்கலாம், கத்தலாம், சாபம் கொடுக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள் அவள். யாரோ மிரட்டினார்கள், மேலிடத்து உத்தரவு, வேலை போய்விடும் என்று பயம் — இப்படி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.

"இனிமே வீட்டுக்கு வராதீங்கண்ணே" என்றாள். "நீங்க செஞ்சதெல்லாம் செஞ்சதுதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வராதீங்க. உங்களப் பாத்தா இனிமே அவர் கூப்பிடறதுதான் கேக்கும்."

அவர் தலையாட்டினார். வாசல் வரை வர முயன்று, முழங்கால் ஒத்துழைக்காமல் பாதியில் நின்றுவிட்டார்.

மகள் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு வழக்கு நிற்காது என்று அவர் கையை விரித்துவிட்டார். பிறகு ரேடியோ தொகுப்பாளன் வீடு தேடி வந்தான். கிழவர் மூலமாக விஷயம் கசிந்திருந்தது. குரலைவிட ஆள் ரொம்பச் சின்னவன். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, அன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். அந்தத் தடத்தை அடுத்த வருஷம் ஒலிபரப்பலாமா என்றும் கேட்டான். கிழவர் டேப்பை அவள் சம்மதம் இல்லாமல் தர மாட்டேன் என்றுவிட்டாராம்.

"போடட்டும்மா" என்றாள் மகள். "எல்லாரும் கேக்கட்டும். கம்பெனிக்காரன் புளுகு வெளிய வரட்டும்."

"வேணாம்."

"ஏம்மா? அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருத்தனும் கேக்கல. இப்பவாவது ஊரு கேக்க வேணாமா?"

"அவர் கூப்பிட்டது உன் மாமாவை. ஊரை இல்ல." அவள் தொகுப்பாளன் பக்கம் திரும்பினாள். "காலைல பல் தேய்ச்சுக்கிட்டு, டீ குடிச்சுக்கிட்டு அதையும் கேப்பாங்க தம்பி. அப்புறம் அதையும் வெட்டி மெதுவா ஓட்டிப் பாப்பாங்க. அவர் குரல் வேணாம். பாட்டுக்கு நடுவுலதான் விழுந்தார்னு சொல்லுங்க. அது போதும்."

அவன் சொல்கிறேன் என்றான். மகள் அன்று சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் தாயோடு தேவைக்கு மட்டும்தான் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், கண்கள் வீங்கித் திரும்பி வந்தாள். மிச்சத்தையும் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று தாய்க்குப் புரிந்தது. அலறினாரா என்று அவளும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவள் லீவு கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் கூடத்து நாற்காலி காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு விரிப்பு உதறலாம்.

டீ நேரத்தில் வாயாடி ரேடியோவின் பக்கம் போய், "அணைச்சுடட்டுமாக்கா?" என்றாள்.

"இருக்கட்டும்."

மாமியார் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு டிரம்ஸ்காரரின் பிறந்தநாள், யாரோ ஒரு குழுவின் முதல் தட்டு வந்த நாள். பிறகு மழைக் கச்சேரி. தொகுப்பாளன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தப் பாட்டின்போது நடந்த விபத்தில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார் என்று சொல்லப்படுகிறது" என்றான். ஒரு மூச்சு இடைவெளி. பாட்டு ஆரம்பித்தது.

இந்தத் தடவை முழுசாகக் கேட்டுவிடுவது என்று அவள் கையுறையைக் கழற்றப் போனாள். அதற்குள் பிரசவ வார்டு வண்டி சரிவில் இறங்கி வந்து மேசையில் இடித்து நின்றது. மேல் விரிப்பெல்லாம் ரத்தம், உடனே குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டியவை, விட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அவள் குனிந்து வாரி அள்ளினாள். ஒன்றைத் தூக்கி உதறும்போது எங்கேயோ பின்னால் படார் என்றது. இரண்டாவதை எடுத்தாள். நிமிர்ந்தபோது ரேடியோவில் யாரோ சமையலறை அலமாரி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மகள் கதவைத் திறந்துவிட்டாள். கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். அது இப்போதெல்லாம் செய்யாத காரியம்.

"போட்டாங்களா?"

"போட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு தொழிலாளி இறந்தாருன்னு. சொல்லப்படுதாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அவள் கை கழுவப் போனாள்.